போர்க்கள நிலத்தை விற்கச் சொல்லிக் கடிதம் வந்தால்

வாசகர் கேள்வி: நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் சேர்ந்து 2016-இல் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பர் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) 62 ஏக்கர் நிலம் வாங்கினோம். நிலம் எங்கள் எல்.எல்.சி. (மூவரும் கூட்டாளிகளாக உள்ள நிறுவனம்) பெயரில் இருக்கிறது. பக்கத்து விவசாயி குத்தகைக்கு எடுத்து மாட்டுக்குப் புல் வளர்க்கிறார். சென்ற மாதம் போர்க்களப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் நிலம் அமெரிக்க உள்நாட்டுப் போரின் சீடர் மவுண்டன் போர்க்களத்தின் மையப் பகுதிக்குள் வருகிறதாம். கூட்டாட்சி அரசின் மானியத்தோடு அதை வாங்க விரும்புகிறார்களாம். 'அரசாங்கம் பிடுங்கிக்கொள்வதற்குள் கொடுத்துவிடுவோம்' என்கிறார் ஒரு நண்பர். 'டேட்டா சென்டர்காரர்கள் வரட்டும், பல மடங்கு கிடைக்கும்' என்கிறார் மற்றவர். வெறும் புல்வெளிக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும்? என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள்தாம். ஆனாலும் அந்தப் போருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் என்ன செய்யலாம்?

வரலாற்று நிலப் பாதுகாப்பு ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் நண்பரின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த மானியத்தை வைத்து யாரும் உங்கள் நிலத்தைப் பிடுங்க முடியாது. விற்க மனமுள்ளவரிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும் என்பது 2002-இல் இதற்கான சட்டம் வந்தபோதே வைத்த நிபந்தனை. 'விருப்பமில்லை' என்று நீங்கள் ஒரு வரி எழுதிப் போட்டால் விஷயம் அதோடு முடிந்தது. மையப் பகுதி என்று வரைபடத்தில் கோடு போட்டிருப்பதாலேயே உங்கள் உரிமையில் ஓர் அங்குலமும் குறைவதில்லை. வீடு கட்டலாம், விற்கலாம், கவுண்டியின் மண்டல விதிகள் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விதிகள்) அனுமதிப்பதை எல்லாம் செய்யலாம். பலரும் அந்த எல்லைக்கோட்டை ஆர்ஜித அறிவிப்பு என்று நினைத்து அஞ்சி, முதலில் வந்த தரகரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம்.

அந்தக் கோட்டின் கதை இது. வடக்கு வர்ஜீனியாவின் போர்க்களங்கள் 1980-களில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியிருப்புகளாகவும் கடைவீதிகளாகவும் மாறத் தொடங்கின. நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் ஒன்று உள்நாட்டுப் போரில் (1861–65-இல் வடக்கு மாநிலங்களுக்கும், அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தெற்கு மாநிலங்களுக்கும் இடையே நடந்த போரில்) நடந்த ஏறத்தாழ 10,500 மோதல்களை ஆராய்ந்து, அவற்றில் 384 களங்களே முதன்மையானவை என்று 1993-இல் பட்டியலிட்டது. சீடர் மவுண்டன் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு களத்துக்கும் இரண்டு எல்லைகள் வரையப்பட்டன. படைகள் நகர்ந்த, முகாமிட்ட மொத்தப் பரப்பு வெளி எல்லை. துப்பாக்கிச் சூடும் கைகலப்பும் நடந்த இடம் மையப் பகுதி. நிலம் வாங்கும் மானியத்தில் மையப் பகுதிக்குத்தான் மதிப்பு அதிகம். உங்கள் நிலம் அதற்குள் வருகிறதென்றால் அறக்கட்டளை சும்மா கடிதம் போடவில்லை.

புல்வெளிக்கு ஏன் பணம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1862 ஆகஸ்ட் 9 அன்று கொடும் வெயிலில் அங்கே நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஜெனரல் பேங்க்ஸின் வடக்குப் படை எண்ணிக்கையில் ஸ்டோன்வால் ஜாக்சனின் தெற்குப் படையில் ஏறக்குறைய பாதிதான். ஆனாலும் வடக்குப் படையின் ஒரு பிரிவு மரங்களுக்குள்ளிருந்து வெளிப்பட்டு, கோதுமை அறுத்த தாள்நிலத்தைக் குறுக்கே கடந்து ஜாக்சனின் இடது அணியை உடைத்தது. சிதறி ஓடிய தன் வீரர்களைத் திருப்ப ஜாக்சன் வாளை உருவப் பார்த்தார். துருப்பிடித்த வாள் உறையை விட்டு வரவில்லை. உறையோடு சேர்த்தே அதை உயர்த்தி ஆட்டினார். பின்னால் வந்த படைப்பிரிவுகள் சேர்ந்துகொள்ள, மாலைக்குள் களம் தெற்கின் வசமானது. இரு தரப்பிலும் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காயமடைந்தார்கள் அல்லது காணாமல்போனார்கள். பிற்காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கிய கிளாரா பார்ட்டன் மருந்தும் கட்டுத்துணியும் ஏற்றிக்கொண்டு வந்து காயம்பட்டவர்களைக் கவனித்தது அந்தப் போரை அடுத்துத்தான்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாமே என்று உங்கள் நண்பர்கள் கேட்கலாம். மரங்களின் விளிம்பிலிருந்து தாள்நிலத்தின் எதிர்ப்புறம் வரை எத்தனை தூரம், நடுவில் தரை எங்கே தாழ்கிறது, பீரங்கி நின்ற மேட்டிலிருந்து எது தெரிந்தது, எது மறைந்தது என்பதைப் புத்தகம் காட்டாது. இத்துறையில் ஒரு களத்தை ஆய்வு செய்யும்போது படைத்தலைவர்கள் பார்க்கும் கண்ணோடே நிலத்தைப் பார்க்கிறோம்: முக்கியமான மேடுகள், பார்வை எட்டும் தொலைவு, ஒதுங்க மறைவிடம், குறுக்கே நிற்கும் ஓடையும் வேலியும், படை வரக்கூடிய வழி. இவை நிலம் நிலமாக இருக்கும்வரைதான் தெரியும். மேட்டை வெட்டிச் சமன்செய்து ஒரு கட்டடம் எழும்பிவிட்டால் அந்தச் சாட்சி போனது போனதுதான்.

ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் போகும்போது ஃபேர் ஓக்ஸ் மாலுக்கு அருகில் ஆக்ஸ் ஹில் பூங்காவுக்குள் நுழைந்து பாருங்கள். 1862 செப்டம்பர் 1 அன்று இடி மழையில் அங்கே நடந்த சண்டையில் கியர்னி, ஸ்டீவன்ஸ் என்று வடக்கின் இரண்டு ஜெனரல்கள் ஒரே மாலையில் உயிரிழந்தார்கள். களம் முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்திருந்தது. இன்று மிஞ்சியிருப்பது ஐந்து ஏக்கர்கூட இல்லை. மற்றதெல்லாம் அடுக்குமாடிகளும் சாலைகளும் அலுவலகங்களும். அந்த இழப்பைக் கண்டு கொதித்தவர்கள்தாம் 1987-இல் ஒன்றுகூடிப் போர்க்கள நிலங்களைப் பணம் கொடுத்து வாங்கிக் காக்கும் முதல் தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த அமெரிக்கப் போர்க்கள அறக்கட்டளை இன்றுவரை 55,000 ஏக்கருக்கும் மேல் பாதுகாத்திருக்கிறது.

'எங்களுக்கு என்ன சம்பந்தம்' என்ற கேள்வியை நான் இலேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. உங்கள் பிள்ளைகள் இந்த மண்ணில் பிறந்ததாலேயே குடிமக்கள் ஆனதற்கு அரசமைப்பின் 14-ஆம் திருத்தம் காரணம். அது 1868-இல் வந்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் குடியுரிமை உண்டு என்று உறுதிசெய்யவே அதை எழுதினார்கள், அதை எழுத வைத்தது இந்தப் போர். வடக்கு தோற்றிருந்தால் அந்தத் திருத்தம் இல்லை. உங்கள் 62 ஏக்கரில் விழுந்தவர்கள் அந்தத் தீர்ப்புக்குக் கொடுத்த விலையின் ஒரு பகுதி. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. உங்கள் வீட்டிலும் இதைப் பேசிப் பாருங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். இந்த மானியத்தைத் தேசியப் பூங்காப் பணியின் கீழுள்ள அமெரிக்கப் போர்க்களப் பாதுகாப்புத் திட்டம் வழங்குகிறது. வருமான வரியிலிருந்து எடுத்துத் தருவதில்லை. கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் தொகையிலிருந்து ஆண்டுக்கு 90 கோடி டாலர் நிலம், நீர் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. அதில் ஒரு சிறு துண்டு போர்க்களங்களுக்கு. பல ஆண்டுகள் அது 1 கோடி டாலராக இருந்தது. 2020-க்குப் பிறகு 2 கோடி வரை உயர்ந்தது. நாடு முழுவதற்கும் அவ்வளவுதான் என்பதால் போட்டி உண்டு. முதலில் உள்நாட்டுப் போர்க் களங்களுக்கு மட்டுமே இருந்த திட்டம், 2014 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க விடுதலைப் போர், பிரிட்டனோடு நடந்த 1812 போர் ஆகியவற்றின் களங்களுக்கும் விரிந்தது.

நில உரிமையாளர் நேரடியாக இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. மாநில அரசோ உள்ளாட்சி அரசோ முன்னால் நிற்க, அறக்கட்டளை பங்காளியாக இணைந்து நடத்துவதே வழக்கம். வர்ஜீனியாவில் வரலாற்று வளத்துறைதான் இதைப் பார்த்துக்கொள்கிறது. கூட்டாட்சி மானியம் கிரயத்தில் பாதிக்கு மேல் வராது. மறுபாதி கூட்டாட்சி அல்லாத பணமாக இருக்க வேண்டும். 10 லட்சம் டாலர் மதிப்புள்ள நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 5 லட்சம் மானியம், மீதி 5 லட்சத்தை அறக்கட்டளை திரட்டும். அதற்கு 2010-இல் தொடங்கிய வர்ஜீனியா போர்க்களப் பாதுகாப்பு நிதி கைகொடுக்கும். இன்னும் குறைவதை நன்கொடையாளர்கள் நிரப்புவார்கள். ஆகவே பேச்சுவார்த்தையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு தருவீர்கள்' என்பது அல்ல. 'மறுபாதிப் பணம் எங்கிருந்து வரும், அதில் எவ்வளவு இப்போதே கையில் இருக்கிறது' என்று கேளுங்கள். நல்ல அறக்கட்டளை இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும்.

விலையை நீங்களும் தீர்மானிக்க முடியாது, அவர்களும் தீர்மானிக்க முடியாது. கூட்டாட்சி நில ஆர்ஜிதத்துக்கான மதிப்பீட்டு விதிகளின்படி, 'மஞ்சள் புத்தகம்' என்று எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் அந்த விதிகளின்படி, தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் நிலத்தின் சந்தை மதிப்பை எழுத வேண்டும். அதற்கு மேல் மானியம் ஒரு டாலரும் தராது. டேட்டா சென்டர் கணக்கு அடிபடுவதும் இங்கேதான். கல்பெப்பர் நகரை ஒட்டி அவற்றுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே நிலத்தின் விலை வானத்தைத் தொடுகிறது என்பது உண்மை. ஆனால் உங்கள் நிலம் விவசாய மண்டலத்தில் இருக்கிறது. மண்டலம் மாறக்கூடிய நியாயமான வாய்ப்பு இருந்தால்தான் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் கொள்வார். மின்பாதை, துணைமின் நிலையம், தண்ணீர், கவுண்டியின் நீண்டகாலத் திட்டம், இவற்றில் ஒன்றும் பக்கத்தில் இல்லாதபோது நண்பரின் நம்பிக்கைக்கு மதிப்பீட்டு அறிக்கையில் இடம் இருக்காது. அறக்கட்டளை அமர்த்தும் மதிப்பீட்டாளர் ஒருபுறம் இருக்க, நீங்களும் உங்கள் செலவில் ஒருவரை அமர்த்துங்கள். அந்தச் செலவு வீண்போகாது; நண்பரை வழிக்குக் கொண்டுவரவும் அந்த அறிக்கையே போதும்.

டேட்டா சென்டருக்காகக் காத்திருப்பதில் இன்னொரு பாடமும் உண்டு. மனாசஸ் போர்க்களப் பூங்காவை ஒட்டி இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேல் டேட்டா சென்டர்கள் கட்ட 2023 டிசம்பரில் அங்குள்ள பிரின்ஸ் வில்லியம் கவுண்டி அனுமதி கொடுத்தது. அக்கம்பக்கத்தாரும் பாதுகாப்பு அமைப்புகளும் வழக்குப் போட, விற்க ஒப்பந்தம் செய்திருந்த நில உரிமையாளர்கள் நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. போர்க்களத்தின் மையப் பகுதியில் மண்டலத்தை மாற்றக் கேட்பவருக்கு எதிர்ப்பு இல்லாமல் காரியம் நடக்காது. அதே மனாசஸில் 1988-இல் ஒரு வணிக வளாகம் எழும்பத் தொடங்கிய பிறகு நாடாளுமன்றமே சட்டம் போட்டு நிலத்தை எடுத்தது. ஐந்நூற்றுச் சொச்சம் ஏக்கருக்கு அரசுக்கு ஆன செலவு 10 கோடி டாலரைத் தாண்டியது. மனமுவந்து விற்பவரிடம் நேரத்தோடு வாங்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டதில் அந்த அனுபவத்துக்கும் பங்கு உண்டு.

விற்பது ஒன்றே வழி என்று எண்ண வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்கு ஈஸ்மென்ட் பொருத்தமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். மனை பிரித்து விற்கும் உரிமை, பெரிய கட்டடம் எழுப்பும் உரிமை, மேட்டைச் சிதைக்கும் உரிமை ஆகியவற்றை மட்டும் என்றென்றைக்கும் விட்டுக்கொடுத்து அதற்கு விலை வாங்கிக்கொள்வீர்கள். மானியம் இதற்கும் கிடைக்கும். நிலத்தின் இன்றைய மதிப்புக்கும் ஈஸ்மென்ட்டுக்குப் பிறகு நிற்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் விலை. குத்தகைக்காரர் வழக்கம்போலப் புல் அறுக்கலாம், மாடு மேய்க்கலாம். நாளைக்கு நீங்கள் விற்றாலும் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தாலும் கட்டுப்பாடு நிலத்தோடு போகும். மெட்டல் டிடெக்டர் வைத்துக் குண்டும் பொத்தானும் தோண்டி எடுக்கும் ஆட்களை இனி உள்ளே விட முடியாது. அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஒரு துப்பாக்கிக் குண்டு எந்த இடத்தில் எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாற்று மதிப்பு இருக்கிறது. பையில் போட்டு எடுத்துப் போன குண்டு யார் எங்கே நின்றார்கள் என்று ஆய்வாளருக்குச் சொல்லாது.

எழுத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் கெட்டியாக இருங்கள். 'விவசாயப் பயன்பாடு' என்று பொதுவாக எழுதி முடிக்க விடாதீர்கள். கொட்டகை எங்கே கட்டலாம், வேலி எந்த வகை, கிணறு தோண்டலாமா, சோலார் தகடு வைக்கலாமா என்று ஒவ்வொன்றாகப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். பல ஆண்டுகள் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் மாநில அதிகாரியிடம் நிற்கும்போது அவர்களுக்குத் துணையாக இருப்பது அந்தப் பக்கங்கள் மட்டும்தான்.

வரி விஷயத்தில் உங்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. ஈஸ்மென்ட்டை முழு விலைக்கு விற்றால் அது விற்பனை, ஆதாயத்துக்கு வரி. ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டால் அந்தக் குறைத்த பங்கு நன்கொடை. கூட்டாட்சி வரியில் ஆண்டு வருமானத்தில் பாதி வரை அதைக் கழிக்கலாம். மிஞ்சினால் 15 ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். வர்ஜீனியா தன் பங்குக்கு நன்கொடை மதிப்பில் 40 சதவீதத்தை வரிச் சலுகையாகத் தருகிறது. வேண்டாம் என்றால் அதை மற்றொருவருக்கு விற்கவும் அனுமதிக்கிறது. நீங்கள் குறைத்துக்கொண்ட தொகை மறுபாதிப் பணத்தின் ஒரு பங்காகவும் கணக்கில் வரலாம் என்பதால் அறக்கட்டளையின் சுமையும் குறையும். ஆனால் உங்கள் நிலம் எல்.எல்.சி. பெயரில் இருக்கிறது. வரி ஏய்ப்புக்காகக் கூட்டாளிகளைச் சேர்த்து ஈஸ்மென்ட்டுக்குப் பொய்யான மதிப்புக் காட்டிய கும்பல்களை ஒடுக்க 2022 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. கூட்டாளிகள் போட்ட முதலீட்டில் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கேட்டால் கழிவு முழுவதும் மறுக்கப்படும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. நிலம் வாங்கியது 2016 என்பதால் தப்பித்தோம் என்று இருந்துவிடாதீர்கள். கூட்டாளி ஒருவர் கடைசியாகப் பங்கு வாங்கிய நாளிலிருந்தும் அந்த மூன்று ஆண்டு எண்ணப்படுகிறது. இடையில் உங்களுக்குள் பங்கு கைமாறியிருந்தால் அந்தத் தேதியைத் தேடி எடுத்துக்கொண்டு, ஈஸ்மென்ட் வழக்குகளில் பழக்கமுள்ள வரி வழக்கறிஞரிடம் போங்கள். வழக்கமாக உங்கள் வரிக் கணக்கைப் பார்ப்பவர் இதற்குப் போதாது.

காலம் பிடிக்கும் என்பதையும் நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். மதிப்பீடு, வில்லங்கம் பார்ப்பது, மண்ணில் நச்சுக் கழிவு உண்டா என்ற சோதனை, மாநில வரலாற்று அதிகாரியோடும் பழங்குடி அரசுகளோடும் கலந்தாலோசனை என்று ஒவ்வொரு படியும் தாண்ட வேண்டும். கையெழுத்திலிருந்து காசோலை வரை ஓர் ஆண்டு ஆவது சாதாரணம். அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை நிலத்தை வேறு யாருக்கும் விற்காமல் தனக்கே வாங்கும் உரிமையைத் தரும் ஓர் ஒப்பந்தத்தை அறக்கட்டளை உங்களோடு போடும். அதில் முன்பணத் தொகை, முடிவுத் தேதி, மானியம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற விதி, இந்த மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

இப்படிக் காத்திருந்து முடித்தவர்களின் பலனை உங்கள் கவுண்டியிலேயே போய்ப் பார்க்கலாம். 1863 ஜூன் 9 அன்று இந்தக் கண்டத்தின் மிகப் பெரிய குதிரைப்படைப் போர் நடந்த பிராண்டி ஸ்டேஷனில், ஃப்ளீட்வுட் குன்றின் மேல் ஒரு பெரிய வீடு கட்டியிருந்தார்கள். 2013-இல் 36 லட்சம் டாலருக்கு மானியமும் நன்கொடையும் சேர்த்து அந்த 56 ஏக்கரை வாங்கி, வீட்டை அகற்றிக் குன்றைப் பழையபடி ஆக்கினார்கள். அதற்கு முன்பு அந்தக் களத்தில் அலுவலக வளாகமும் கார்ப் பந்தயத் தடமும் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள் என்றால் இன்று அங்கே நிற்பவர் நம்பமாட்டார். பிராண்டி ஸ்டேஷனும் சீடர் மவுண்டனும் சேர்ந்த கல்பெப்பர் போர்க்களங்கள் மாநிலப் பூங்கா 2024-இல் திறக்கப்பட்டது. உங்கள் நிலம் அந்தப் பூங்காவை ஒட்டி வருகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். ஒட்டி வந்தால் விண்ணப்பத்தின் பலம் கூடும். அறக்கட்டளையும் ஈஸ்மென்ட்டைவிட முழுக் கிரயத்தையே விரும்பலாம். அப்போது உங்கள் பேரம் பேசும் வலுவும் வேறு.

மூவருக்குள் ஒத்துவரவில்லை என்றால் வழி இல்லாமல் இல்லை. பணம் வேண்டும் என்கிற நண்பரின் பங்கை மற்ற இருவரும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மேலே சொன்ன மூன்று ஆண்டு கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். மற்றொரு வழி, மையப் பகுதிக்குள் வரும் துண்டுக்கு மட்டும் ஈஸ்மென்ட் கொடுத்துவிட்டு மீதியை உங்களிடமே வைத்துக்கொள்வது. 62 ஏக்கர் முழுவதும் கோட்டுக்குள் விழுகிறதா, ஒரு பகுதிதானா என்று அறக்கட்டளையின் கடிதத்தில் சொல்லவில்லை என்றால், பதில் எழுதும்போது முதல் வரியில் அந்த வரைபடத்தைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை எந்தத் தரகருக்கும், எந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் ஒன்றும் கொடுக்காதீர்கள்.